மனையில் நிற்கும் மரத்துக்கு வரைபடத்தில் இடம் வாங்குவது எப்படி

முதன்முறையாக வீடு கட்ட வருகிறவர்கள் எங்கள் மேசையில் வைக்கும் கோப்பில் பட்டா இருக்கும், கிரயப் பத்திரம் இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், வாஸ்து பார்த்துக் கிறுக்கிய தாள் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். மனையில் எத்தனை மரங்கள் என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "முன்னால் ஒரு வேம்பு, பின்பக்கம் ஏதோ இரண்டு மூன்று" என்று பதில் வரும். தாம்பரத்தில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட வரைபடம் போட்டுவருகிறேன். அந்த "ஏதோ இரண்டு மூன்று" புதுமனை புகுவிழா வரை நின்றதை நான் பார்த்தது குறைவு. வெறுப்பில் யாரும் வெட்டுவதில்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, மரம் இல்லை. சம்ப் தோண்ட வந்த ஜேசிபி ஓட்டுநர் காகிதத்தில் உள்ளதைச் செய்துவிட்டுப் போகிறார்.

ஆகவே எல்லா வேலையும் வரைபடத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். ஒன்றிரண்டு கிரவுண்டில் சொந்த வீடு கட்டுகிறவர்கள், அண்ணன் தம்பிகளாகப் பூர்வீக நிலத்தைப் புரமோட்டரிடம் கொடுத்து அடுக்ககம் எழுப்ப நினைப்பவர்கள், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கும் கடைசிக்கு முந்தைய பகுதியில் சில செய்திகள் உண்டு.

முதல் படி: தண்ணீர் எந்த வழியில் வந்தது?

மரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தண்ணீரில் தொடங்குகிறேனே என்று நினைக்கவேண்டாம். சென்னையில் இரண்டும் ஒரே கணக்கு. இங்கே பெய்யும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஏரிக்கு ஏரி கலங்கலும் (உபரி நீர் வழியும் இடம்) வரத்துக்காலும் (நீர் வந்துசேரும் கால்வாய்) போட்டு முன்னோர் இணைத்து வைத்தார்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அது நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். இந்தச் சங்கிலியில் உங்கள் மனை ஒரு கண்ணியாக இருந்தால் மரத்தை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

ஊர்ப் பெயரே பாதி உண்மையைச் சொல்லிவிடும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கலில் மனை வாங்குகிறவர் ஒருமுறை யோசிக்கவேண்டும். தியாகராய நகர் 1920-களில் பழைய நெடிய ஏரியைத் தூர்த்து எழுந்த குடியிருப்பு. ஏரி போய் நூறாண்டு ஆகப்போகிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இன்னும் பெயர்ப் பலகையில் நிற்கின்றன.

பெயரோடு நிற்காமல் காகிதத்தைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் உங்கள் புல எண்ணுக்கான பட்டா, அ-பதிவேட்டு விவரம், புல வரைபடம் ஆகியவற்றை எடுக்கலாம். பெரும்பாலானோர் தங்கள் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். சுற்றியுள்ள நான்கைந்து எண்களுக்கும் எடுங்கள். உங்கள் நிலம் சுத்தமான பட்டா நிலமாக இருக்கும். பக்கத்து எண் "ஓடை" என்றோ "வாய்க்கால்" என்றோ "கழுவெளி" (சதுப்பு நிலம்) என்றோ புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். அந்த ஓடை உங்கள் வேலியருகே வந்து மாயமாக மறைந்தால், அது உங்கள் மனைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள்.

அடுத்து கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ஆகிய இரண்டு வெள்ளங்களை ஒட்டிக் கிடைக்கும் படங்கள் முக்கியம். பிறகு நேரில் போய் அந்தத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடமோ டீக்கடைக்காரரிடமோ 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். தரகரிடம் கேட்காதீர்கள், அவர் ஊரில் மழையே பெய்திருக்காது.

பள்ளிக்கரணைப் பக்கம் நிலம் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் தாக்கப் பகுதி எதுவரை என்று ஆய்வு செய்து வரையறுக்கும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. இத்தகைய உத்தரவுகள் வழக்கின் போக்கில் மாறக்கூடியவை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அன்றைய நிலவரத்தை சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேளச்சேரி, பெரும்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: மரக் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வேண்டியவை: தையல்காரர் வைத்திருக்கும் நாடா, முப்பது மீட்டர் டேப், சுண்ணாம்பு, ஒரு நோட்டு, கைப்பேசி.

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். சுண்ணாம்பால் எழுதினால் போதும், ஆணி அடித்துத் தகடு மாட்டவேண்டாம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தண்டின் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதுங்கள். நிழல் எதுவரை விழுகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பொந்து உண்டா, தண்டில் பூஞ்சைக் காளான் முளைத்திருக்கிறதா, கூடு இருக்கிறதா என்று குறியுங்கள். இரண்டு எல்லைக் கற்களிலிருந்து மரம் எத்தனை அடி என்று அளந்தால் சர்வேயர் இல்லாமலே அதை வரைபடத்தில் ஏற்றிவிடலாம். பெயர் தெரியாத மரத்துக்கு இலை, பூ, பட்டை மூன்றையும் படமெடுங்கள். நகரில் மரக் கணக்கெடுப்புக்குப் பயிற்சி தரும் "நிழல்" போன்ற அமைப்புகள் உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் அவர்கள் வளர்த்த மரப் பூங்காவை ஒருமுறை சுற்றி வந்தாலே பாதிப் பெயர்கள் மனத்தில் தங்கிவிடும்.

இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கணக்கு. தண்டின் சுற்றளவை நான்கால் பெருக்குங்கள். வரும் தூரத்தை ஆரமாக வைத்து மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அது வேர்வட்டம். தண்டின் விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு என்பது பல நாடுகளில் பொறியாளர்கள் பின்பற்றும் அளவு; நாடாவால் அளப்பவருக்கு அது ஏறக்குறைய சுற்றளவின் நான்கு மடங்காக வரும். இரண்டடிச் சுற்றளவுள்ள புங்க மரத்துக்கு எட்டடி. ஐந்தடிச் சுற்றளவுள்ள வேம்புக்கு இருபதடி.

இருபதடி என்றதும் பலருக்கு மூச்சு நின்றுவிடும். ஒரு கிரவுண்டு மனையே நாற்பதுக்கு அறுபது அடிதான். நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த மனையின் நட்டநடுவே அப்படிப்பட்ட வேம்பு நின்றால் வீட்டையும் மரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வது கடினம். ஓரத்தில் நின்றால் முடியும். வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு பக்கமாக விட்டுக்கொடுத்தால் நலமான மரம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் தாங்காது.

மூன்றாம் படி: எதை வைத்துக்கொள்வது?

எல்லா மரமும் ஒன்று என்று நான் நினைப்பதில்லை. சீமைக்கருவேலம், சவுண்டல், அண்மைக் காலத்தில் அழகுக்காக நட்ட கோனோகார்பஸ் இவற்றுக்காக வீட்டின் முகப்பை மாற்றவேண்டாம். முருங்கைக்கும் கவலை வேண்டாம்; வெட்டும் முன் ஒரு கிளையை ஒடித்து மூலையில் நட்டுவிட்டால் வீடு முடிவதற்குள் காய்த்துவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை போன்ற வெளிநாட்டு நிழல் மரங்கள் நிறைய விழுந்தன. அதிலிருந்து பலர் எடுத்த முடிவு, தூங்குமூஞ்சி என்றாலே ஆபத்து என்பது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். விழுந்து கிடந்தவற்றின் அடிப்பக்கத்தைத் தாம்பரம் சாலையில் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் வேரை நேராக அரிந்திருந்தார்கள், மறுபக்கம் தண்டு வரை சிமென்ட். அப்படி நின்றால் எந்த மரமும் விழும். முழு வேரோடு, சாயாமல் நிற்கும் நாற்பது வயதுத் தூங்குமூஞ்சியை நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

மண்ணைப் பார்த்தும் முடிவெடுக்கலாம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோர மணலில் புன்னை, பூவரசு, பனை நன்றாக நிற்கும். வேளச்சேரிப் பக்கத்துக் களியில் நாவல், நீர்மருது, புங்கம். பல்லாவரம், வண்டலூர்ப் பாறைச் சரளையில் வேம்பு, இலுப்பை, வெப்பாலை. இவை ஏற்கெனவே உங்கள் மனையில் இருந்தால் அந்த மண்ணைத் தெரிந்த மரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்சரியிலிருந்து வாங்கி வருவது அந்த வயதை எட்ட உங்கள் பேரன் காலம் ஆகும்.

பனைக்குத் தனிக் காவல் உண்டு. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய தோப்பை மனைப்பிரிவாக்க நினைப்பவர்கள் வரப்போரப் பனை வரிசையை அப்படியே சாலையோரமாக அமைத்துவிட்டால் அனுமதிக்கு அலையும் வேலை மிச்சம். பனை அதிக அகலம் கேட்காது.

இன்னொன்று, "புதர்" என்று நாம் சொல்வது. நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளை ஒட்டிய நிலங்களில் காரை, சூரை, களா, ஈச்சு என்று இடுப்புயரத்துக்கு ஒரு காடு இருக்கும். இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. மனையைக் காட்டும் முன்பே ஜேசிபி விட்டுச் "சுத்தம்" செய்துவிடுவது தரகர்களின் வழக்கம். நிலத்தை அளந்து, மரக் கணக்கு முடியும்வரை இயந்திரம் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பெரிய நிலமாக இருந்தால் அந்தப் புதரில் ஒரு துண்டை மூலையில் அப்படியே விடலாம். தண்ணீர் ஊற்றவேண்டாம், உரம் போடவேண்டாம், அதுபாட்டுக்கு இருக்கும்.

நான்காம் படி: வரைபடத்துக்குள் மரம்

வெற்று மனையின் அளவைத் தாளில் வரைந்ததும் முதலில் போடவேண்டியவை வேர்வட்டங்கள். அதன் பிறகுதான் கட்டடம். எங்கள் தொழிலில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கட்டடத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்தில் மரம் தப்புகிறதா என்று பார்க்கிறோம்.

மரத்தைக் கொல்வது பெரும்பாலும் கட்டடம் அல்ல என்பதைக் கவனியுங்கள். விதிப்படி நான்கு பக்கமும் இடைவெளி விட்டாகவேண்டும். ஓர மரங்கள் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. ஆனால் சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், சாக்கடைக் குழாய், மின்கேபிள், கார் வரும் பாதை, ஜெனரேட்டர் மேடை எல்லாவற்றையும் அதே இடைவெளியில்தான் திணிக்கிறோம். ஆகவே உங்கள் வரைவாளரிடம் இரண்டாவது தாள் ஒன்று கேளுங்கள். அதில் தரைக்குக் கீழே போகும் எல்லாமும் மரங்களும் மட்டும் இருக்கட்டும். சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் மரமில்லாத பக்கம் தள்ளுங்கள். குழாய்கள் தனித்தனியாக மூன்று வழியில் போகாமல் ஒரே பள்ளத்தில் போகட்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்த உறைகிணற்றை வேர்வட்டத்துக்கு வெளியே, ஆனால் அருகில் வைத்தால் மரத்துக்கும் ஈரம் கிடைக்கும். மனையில் பழைய கிணறு இருந்தால் மூடாதீர்கள், மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள்.

சுற்றுச்சுவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சுவர் நெடுக இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் போல் தோண்டிக் கருங்கல் அடித்தளம் போட்டால் ஓரத்து மரம் ஒவ்வொன்றின் வேரும் ஒரு பக்கம் அறுந்துவிடும். அதற்குப் பதிலாகப் பத்தடிக்கு ஒரு குழி, குழியில் தூண், தூணுக்குத் தூண் தரைக்கு மேலே பீம், அதன்மேல் சுவர். வேர் அடியில் போய்க்கொள்ளும். களிமண் பகுதிகளில் வீட்டுக்கே பைல் அடித்தளம் (ஆழத் துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண்கள்) போடுகிறோம். அங்கேயும் பைல் குழியைப் பெரிய வேரிலிருந்து ஓரடி நகர்த்திக்கொள்ள உங்கள் கட்டமைப்புப் பொறியாளரால் முடியும். கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அடுக்ககத்தில் பேஸ்மென்ட் கார் நிறுத்தம் எல்லைச்சுவர் வரை போகிறதா என்று பாருங்கள். போனால் மேலே காட்டும் பசுமையெல்லாம் கான்கிரீட் கூரைமேல் வைத்த தொட்டிதான்.

ஐந்தாம் படி: மண் கொட்டாதீர்கள்

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இது என் கைப்பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் சேலையூரில் ஒரு மனை. தெருப்பக்க மூலையில் பெரிய புளியமரம். வீட்டுக்காரர் அதை வெட்டக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நானும் வேர்வட்டம் போட்டு, சம்ப்பை நகர்த்தி, படிக்கட்டைத் திருப்பி, பெருமையோடு வரைபடம் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எழுத மறந்தேன்: தரைமட்டம். 2015-க்குப் பிறகு இந்த ஊரில் மனை வாங்கிய எவரும் முதலில் செய்வது மண்ணடித்து உயர்த்துவது. அங்கும் மூன்றரை அடிக்குக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவிவிட்டார்கள். மரத்தில் ஒரு கிளைகூட உடையவில்லை. கிரகப்பிரவேசத்தில் அதன் நிழலில்தான் பந்தி. அடுத்த கோடையில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. அதற்கடுத்த கோடையில் பாதி மரம். மூன்றாம் ஆண்டு, வீட்டின்மேல் விழாமல் அறுத்து இறக்க வீட்டுக்காரர் செலவழித்த தொகை என் கட்டணத்தைவிட அதிகம்.

காரணம் எளிது. மரத்தின் உணவு வேர்களில் பெரும்பங்கு மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கிறது. அவற்றுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மேலே மூன்றடி கொட்டினால் மூச்சடைத்து மெல்ல அழுகும். தண்டின் அடிப்பகுதி விரிந்து வேராகும் இடம் மண்ணுக்குள் புதைந்தால் பட்டையும் அழுகும். உடனே தெரியாது, அதுதான் கொடுமை. தெரியும்போது பில்டர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

என்ன செய்யலாம்? வீட்டின் பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டுத் தரை அமரும் உயரத்தை, வேண்டிய அளவு உயர்த்துங்கள், மனையை உயர்த்தாதீர்கள். வெள்ளத்திலிருந்து காக்கப்படவேண்டியது வீட்டின் தரை. தோட்டம் இரண்டு நாள் நனைந்தால் ஒன்றும் ஆகாது. நாலு படி கூடுதலாக ஏறவேண்டியிருக்கும், முதியவர்களுக்குச் சாய்தளம் வைக்கலாம். மனை முழுவதையும் உயர்த்தினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்; அவர் அடுத்த ஆண்டு உங்களைவிட ஓரடி உயர்த்துவார். இந்த ஊரில் பல தெருக்கள் இப்படித்தான் ஏணியாகிவிட்டன.

சாலை மிக உயர்ந்துவிட்டதால் கார் பாதையாவது உயர்ந்தாகவேண்டும் என்றால், வேர்வட்டத்தின் ஓரத்தில் சிமென்ட் பூசாத கல்சுவர் எழுப்பி, உள்ளே பழைய தரைமட்டத்தை அப்படியே விடுங்கள். கிணறுபோல் இருக்கும். அதில் தேங்கும் நீர் வெளியேற அடியில் ஒரு குழாய் கட்டாயம், இல்லாவிட்டால் மூச்சடைப்பதற்குப் பதில் மூழ்கிச் சாகும்.

வரைபடத்தில் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் "இங்கே இப்போதுள்ள தரைமட்டம் மாறக்கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். நான் இப்போது சிவப்பு மையில் எழுதுகிறேன்.

மேல்மண்ணையும் சொல்லவேண்டும். கட்டடமும் பாதையும் வரும் இடங்களில் மேலே உள்ள ஒரு சாண் மண்ணைத் தனியாக வழித்துக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் தோட்டத்துக்கு அதுவே போதும். லாரியில் வரும் "செம்மண்" எந்த ஏரியின் கரை என்று யாருக்குத் தெரியும்?

ஆறாம் படி: அனுமதிகள்

சுருக்கமாக. தமிழ்நாட்டில் மரப் பாதுகாப்புக்கென்று உள்ள 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது, சென்னைக்குப் பொருந்தாது. இங்கே மரம் வெட்டும் விண்ணப்பங்களை மாவட்டப் பசுமைக் குழு பார்க்கிறது. உங்கள் வாசலுக்கு முன் தெருவில் நிற்கும் மரம் உங்களுடையதல்ல. கேட் வைக்க இடைஞ்சல் என்று அதைத் தொட முடியாது, கேட்டைத்தான் நகர்த்தவேண்டும். மனைக்குள் உள்ள மரத்தை எடுக்கத்தான் வேண்டுமென்றாலும் எழுத்தில் விண்ணப்பித்து எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடும் முட்டையும் இருக்கும் மரத்தை அந்த நேரத்தில் வெட்டுவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் மாட்டிவிடும்.

பெரிய நிலங்களுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் முக்கியம். நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிரவுண்டுக்கு மேல், சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாகப் பணம் கட்டலாம்; அதற்கு மேல் நிலமாகவே தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தாகவேண்டும். பூர்வீகத் தோப்பைப் புரமோட்டருக்குக் கொடுக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வழக்கமாகப் புரமோட்டர்கள் எதற்கும் ஆகாத முக்கோணத் துண்டைத்தான் இதற்கு ஒதுக்குவார்கள். நீங்கள் ஒப்பந்தத்திலேயே, மரங்கள் அடர்ந்த பகுதிதான் திறந்தவெளி ஒதுக்கீடாக வரவேண்டும் என்று எழுதிவிடுங்கள். எப்படியும் கொடுக்கவேண்டிய நிலம், மரத்தோடு போகட்டும். பணம் கட்டி நழுவும் அளவில் உள்ள நிலமானால், நிலமாகவே தரவேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனைகளில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: எண்பது சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம், வெட்டும் ஒவ்வொன்றுக்கும் பத்து. முதல் நிபந்தனையில் ஏற்கெனவே நிற்கும் மரமும் கணக்கில் சேரும். இருக்கும் மரத்தை வைத்துக்கொள்வது புரமோட்டருக்கே லாபம் என்று பேச இது கைகொடுக்கும். உபதேசத்தைவிடக் கணக்கு அவர்களிடம் நன்றாக எடுபடும்.

"வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம்" என்று சொல்வார்கள். ஆல், அரசு, பூவரசு போன்றவை ஓரளவு பிழைக்கும். பெரிய புளி, வேம்பு, நாவல் பிழைப்பது அரிது. பல வாரங்களுக்கு முன்பே வேரைக் கட்டம் கட்டமாக அறுத்துத் தயார் செய்து, நட்ட பின் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் நம்புங்கள்.

ஏழாம் படி: வேலை நடக்கும் மாதங்கள்

பூமி பூஜைக்கு முந்தைய நாளே வேர்வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுத் தகரமோ பச்சை வலையோ கட்டிவிடுங்கள். வலையைவிடத் தகரம் நல்லது. வலையைக் கிழித்து உள்ளே சிமென்ட் மூட்டை அடுக்குவார்கள். வேலிக்குள் கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் எதுவும் கூடாது. கலவை போடுவதும் கான்கிரீட் லாரியைக் கழுவி விடுவதும் கூடாது. சுண்ணாம்புத் தன்மையுள்ள அந்த நீர் மண்ணையே மாற்றிவிடும். போர்வெல் சேறும் அப்படித்தான்.

வேலை ஒப்பந்தத்தில் மர அட்டவணையை இணைப்பாகச் சேர்த்து, எண் வாரியாக, சேதமானால் இவ்வளவு பிடித்தம் என்று தொகை போடுங்கள். மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு மரம் மரமாகக் காட்டிவிடுங்கள். ஒப்பந்தம் பில்டரிடம் இருக்கும், கடப்பாரை மேஸ்திரியின் ஆளிடம்தான் இருக்கும். மதிய உணவுக்கு அவர்கள் உட்காரப்போவதும் அந்த நிழலில்தான், ஆகவே சொன்னால் கேட்பார்கள். பள்ளத்தில் கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டச் சொல்லுங்கள். அறுக்கத்தான் வேண்டுமென்றால் ரம்பத்தால் நேராக அறுத்து, அன்றே மண் மூடி ஈரம் காட்டவேண்டும். கிளை கழிப்பதைப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட் செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்தால் அடுத்த புயலில் மறுபக்கம் சாயும்.

ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு

விளம்பரப் படத்தில் உள்ள மரங்களை மறந்துவிடுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, திறந்தவெளி ஒதுக்கீடு எங்கே, பேஸ்மென்ட் எதுவரை என்று பாருங்கள். பெரிய திட்டமானால் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். நிபந்தனைகளை அச்செடுத்து விற்பனைப் பிரதிநிதி முன் வையுங்கள். பூங்கா என்று காட்டிய இடத்தில் பிறகு கிளப் ஹவுஸ் முளைக்கப் பார்த்தால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உதவும்: வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் அங்கீகரித்த திட்டத்தை மாற்ற முடியாது. பக்கத்து மனையில் மரத்தை வெட்டுகிறார்கள் என்றால் முதலில் அனுமதி ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், படமெடுங்கள், சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் அதன் 1913 எண்ணில் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம்

அடித்தளம், தளம், பூச்சு எல்லாவற்றையும் தாண்டி வந்த மரத்துக்கு இறுதி ஆபத்து தரைக்கல் பதிக்கும் வாரத்தில் வரும். அது பெரும்பாலும் தனி ஒப்பந்தம். அந்த ஆட்களுக்கு உங்கள் மர அட்டவணையும் தெரியாது, சிவப்பு மையும் தெரியாது. சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் தண்டை ஒட்டிச் சிமென்ட் பூசி, மேலே வட்டமாகத் திண்ணையும் கட்டிவிடுவார்கள். தண்டைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி வெறும் மண் விடவேண்டும், அதற்கு அப்பாலும் கலவை இல்லாமல் மணல்மேல் இடைவெளி விட்டுக் கல் பாவவேண்டும் என்று முதல் நாள் காலையிலேயே சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். அலுவலகத்தில் மிச்சமிருக்கும் விடுப்பில் ஒரு நாளை அதற்கென்று எடுத்து வைத்து, அன்று முழுக்க மனையிலேயே இருங்கள்.